கொலைகாரனாக நின்ற அத்தான்

இந்தப் புத்தகத்தை எங்க பிடிச்சீங்க? ஈரோட்டுலயா? பழைய பேப்பர்க் கடையில கிடந்துச்சா? இருக்கும். வரைஞ்ச எங்கிட்டயே ஒண்ணு கிடையாது. அந்த ஸ்டூல்ல பெயின்ட் காயலை, இப்படிச் சேர்ல உக்காருங்க.

ஆமா, ‘தனு’ன்னு கீழ கையெழுத்துப் போட்டிருக்கிறது நான்தான். தனுஷ்கோடி. இப்ப விருதுநகர்ல வந்து கேட்டா கல்யாணப் பத்திரிகை தனுஷ்கோடின்னாத்தான் வழி சொல்லுவாங்க. பிள்ளையார், குத்துவிளக்கு, ரெண்டு கை கும்பிடு. இதையே வரைஞ்சு வரைஞ்சு தலை நரைச்சுப் போச்சு. நீங்க ஒருத்தர்தான் ‘கிட்டங்கியில் ஒரு பிணம்’ வரைஞ்ச ஆளு யாருன்னு தேடி வந்திருக்கீங்க.

ஏன் ஒரே புத்தகத்தோட நிறுத்திட்டீங்கன்னு கேட்டீங்க. நான் நிறுத்தலைங்க. நிறுத்தினாங்க. வெளியாள் யாரும் இல்லை, எங்க அத்தான்தான். எங்க அக்கா சுயம்புக்கனியைக் கட்டினவர், தவசிலிங்கம்னு பேரு. இப்ப உயிரோட இல்லை. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது. அதனால நடந்ததை மட்டும் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

எங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் சீக்கிரமே போயிட்டாங்க. அக்கா வீட்டுலதான் நான் வளர்ந்தது. அத்தான் இங்க ஒரு பருப்பு மண்டியில கிட்டங்கியைப் பார்த்துக்கிட்டிருந்தார். கிட்டங்கின்னா மூட்டை அடுக்கி வைக்கிற கோடவுன். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். சாவிக்கொத்து எந்நேரமும் அவர் இடுப்புல தொங்கும். முதலாளி வீட்டுப் பிள்ளைங்ககிட்டகூட அந்தச் சாவி போகாது. அவ்வளவு நம்பிக்கை.

எனக்குப் படிப்பு ஏறலை. மண்டியிலேயே ஒரு வேலை சொல்லி வைக்கட்டுமான்னு அத்தான் கேட்டார். நான் ஆர்ட்டிஸ்ட், மூட்டை எண்ண மாட்டேன்னு சொல்லிட்டேன். கோபப்படலை அவர். ஆனா ஒரு தடவை, மதுரையிலேர்ந்து பெரிய மாமா வந்திருந்தப்ப, என் படத்தையெல்லாம் எடுத்துக் காட்டி, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள, இவனுங்களுக்குக் கை எங்க போச்சு? ஒருத்தன் விடாமப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கிறானே”ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சா. உளுந்த வடை சுட்டிருந்தா அன்னைக்கு, வாயில வடையை வச்சுக்கிட்டே சிரிச்சா. நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கிறவன் இல்லை. சும்மா பேச்சு வந்ததால சொல்றேன்.

அப்போ சிவகாசியில ஞானமுத்து அண்ணாச்சின்னு ஒருத்தர் பிரஸ் வச்சிருந்தார். தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டு லேபிள் அடிக்கிற பிரஸ். அதோட ‘செம்பருந்து காமிக்ஸ்’னு மாசம் ஒரு புத்தகமும் போட்டுக்கிட்டிருந்தார். எல்லாம் வெளிநாட்டுக் கதை. நம்ம ஊர்த் துப்பறிவாளன் ஒருத்தனை இறக்கணும்னு அவருக்கு ஒரு ஆசை. அண்ணாச்சி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அத்தான்தான் என்னைக் கூட்டிட்டுப் போனார். அதை நான் மறைக்கலை. மண்டிக்கு லீவு சொல்லிட்டு, என் படத்தையெல்லாம் கசங்காம அட்டைக்குள்ள வச்சுக் கட்டி மடியில வச்சுக்கிட்டே வந்தார். பஸ்ஸுல கூட வர்றது ஒரு உதவியா? யாரு வேணும்னாலும் வருவாங்க.

அண்ணாச்சி கதையை வாயாலயே சொன்னார். துப்பறியும் நிரஞ்சன். தேயிலைத் தோட்டத்துல ஒரு கொலை. மேனேஜர்தான் கொலைகாரன். கடைசிப் பக்கம் வரைக்கும் நல்லவன் மாதிரியே இருப்பான். நான் யோசிச்சேன். மலையை நான் கண்ணால பார்த்ததில்லை. எனக்கு ஒரு குணம், பார்த்தாத்தான் வரைய வரும். “அண்ணாச்சி, மலை வேண்டாம், பருப்புக் கிட்டங்கியில நடந்ததா வச்சுக்கலாம்”னேன். அவருக்கும் பிடிச்சுப் போச்சு. நம்ம ஊர் வாடை வரும்லன்னார். அந்த யோசனை முழுக்க முழுக்க என்னோடது. அதை எழுதிக்கோங்க.

வீட்டுக்கு வந்து உக்கார்ந்தப்பதான் தெரிஞ்சது, காமிக்ஸ் வரையிறது என்னன்னு. ஒரு படம் வரையிறது வேற. ஒரே ஆளை முன்னால இருந்து, பின்னால இருந்து, மேல இருந்து, ஓடும்போது, விழும்போது வரையணும். ஒவ்வொரு கட்டத்துலயும் அவன் அதே ஆளா இருக்கணும். எனக்கு முதல் கட்டத்துல ஒருத்தன், அடுத்த கட்டத்துல அவனோட தம்பி, மூணாவதுல யாருன்னே தெரியாது. பேச்சு எழுதுற பலூனுக்கு இடம் விடணும்னு தெரியாம நிரஞ்சனைப் பக்கம் பூரா வரைஞ்சு வச்சேன். அப்புறம் அவன் தலைமேலயே ஒட்டவேண்டியதாப் போச்சு. அங்க பாருங்க, தொப்பி பாதிதான் தெரியும். இந்தியன் இங்க்கைக் கொட்டி அக்காவோட சேலையைக் கெடுத்தேன். அவ ஒண்ணும் சொல்லலை, அத்தான் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பார்.

அப்புறம்தான் வழி பிடிபட்டுச்சு. ஆளை நிக்கவச்சு வரையணும். நிரஞ்சனுக்குக் கண்ணாடியைப் பார்த்து என்னையே வரைஞ்சேன். அப்போ நான் நல்லா இருப்பேன், இப்ப பார்த்து எடை போடாதீங்க. கொலைகாரனுக்கு ஆள் வேணும். அத்தான் இருந்தார். அடர்ந்த புருவம், குழி விழுந்த கண்ணு, மூக்குக்குப் பக்கத்துல ஒரு மச்சம். பேசாம நின்னா முகம் இருட்டா இருக்கும். சிரிச்சா அது வேற முகம், தெருப் பிள்ளைங்க எல்லாம் அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் பின்னாலேயே சுத்தும். ஆனா எனக்குப் பல்லு வரைய வராது.

ஞாயித்துக்கிழமை மண்டி லீவு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் கிட்டங்கியைத் திறந்துவிட்டு நிப்பார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, வாராவாரம். கையில குத்தூசி. மூட்டைக்குள்ள குத்திப் பருப்பை வெளிய எடுத்துப் பார்ப்பாங்களே, அந்த ஊசி. அதை ஓங்கிப் பிடிச்சபடி நிக்கணும். கை கடுத்துப் போகும், பருப்புத் தூசிக்குத் தும்மல் வரும். தும்மிட்டு மறுபடி அதே மாதிரி நிப்பார்.

“மாப்ள, இதுல நான் யாரு? போலீசா?”

“முக்கியமான ஆளு அத்தான். புத்தகம் வரட்டும்.”

அது பொய் இல்லையே. கொலைகாரன் இல்லாமக் கதை ஏது?

“கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருக்கட்டுமா?”ன்னு கேட்டார். வேண்டாம் அத்தான், முறைங்கன்னேன். முறைக்க வரலை அவருக்கு. “உங்களை முதலாளி நாலு பேர் முன்னால திட்டிட்டார்னு நினைச்சுக்கோங்க”ன்னேன். அப்போ ஒரு முகம் வந்துச்சு பாருங்க. கடைசிப் பக்கத்துல பெரிசா இருக்கே, அதுதான். என் கையில இருந்து வந்ததுலயே நல்ல முகம் அதுதான்.

கிட்டங்கிப் பின் சுவர்ல ஒரு ஜன்னல் இருந்துச்சு, பின்னால இருக்கிற சந்துப் பக்கம் பார்த்த மாதிரி. கொக்கி உடைஞ்சு போய்க் கம்பியைச் சுத்திக் கட்டியிருந்தாங்க. “இதைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது மாப்ள. எவனாவது கம்பியைக் கழட்டினா மூட்டை அப்படியே சந்துக்குள்ள போயிரும். முதலாளிகிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கேன், பார்க்கலாம் பார்க்கலாம்ங்கிறார்”னு அத்தான் ஒரு நாள் சொன்னார். எனக்கு உடனே கதையில ஒரு முடிச்சு அவுந்துச்சு. கொலைகாரன் மூட்டையை எப்படிக் கடத்துறான்னு அண்ணாச்சி கதையில இல்லை. நான் அந்த ஜன்னலைப் போட்டேன். கம்பி எத்தனை சுத்து, எந்தப் பக்கம் முறுக்குன்னு எல்லாம் அப்படியே போட்டேன்.

தீபாவளிக்கு முன்னால புத்தகம் வந்துச்சு. அத்தான் ஒரு கட்டு வாங்கிட்டு வந்தார். அட்டையில என் முகத்தைப் பார்த்துட்டு, “நீதானா நிரஞ்சன்? நல்லாயிருக்கு மாப்ள”ன்னு சிரிச்சார். உள்ள பிரிச்சுக்கூடப் பார்க்கலை, நேரா மண்டிக்குக் கொண்டு போயிட்டார். முதலாளிக்கு ஒண்ணு, கணக்கருக்கு ஒண்ணு, லோடுமேன்களோட பிள்ளைங்களுக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணு. “எங்க மச்சினன் வரைஞ்சது. நானும் இதுல வர்றேன், கண்டுபிடிங்க”ன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்திருக்கார். நான் குடுக்கச் சொன்னேனா? இல்லை. படிச்சுப் பார்த்துட்டுக் குடுத்திருக்கலாம்.

கண்டுபிடிச்சிருச்சுங்க பிள்ளைங்க. மறுநாளே ஒரு லோடுமேன் பொண்ணு, “சூலப்பன் மாமா வர்றார்”னு கத்திக்கிட்டு ஓடியிருக்கு. கதையில கொலைகாரனுக்குச் சூலப்பன்னு பேரு. சாயங்காலம் அத்தான் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிட்டு, விளக்குக்கு நேர உக்கார்ந்து முதப் பக்கத்திலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சார். அக்கா அடுப்படி வாசல்ல நின்னு அவரையே பார்த்துக்கிட்டிருந்தா. படிச்சு முடிச்சு மூடி வச்சுட்டுச் சொன்னார்:

“மூக்கு நல்லா வந்திருக்கு மாப்ள.”

அவ்வளவுதான். அக்காதான், “ஏண்டா இப்படிப் பண்ணின?”ன்னா. இது கதை அக்கா, வெறும் கதைன்னேன். கதைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்? சொல்லுங்க.

அதுக்கப்புறம் அத்தான் தெரு வழியா நடக்கிறதை விட்டுட்டார். பின்பக்கமாச் சுத்திக்கிட்டு மண்டிக்குப் போவார். பிள்ளைங்க விளையாட்டுக்குக் கூப்பிடுறதுதான். சிரிச்சுட்டுப் போகவேண்டியதுதானே.

பொங்கல் கழிஞ்சு கிட்டங்கியில துவரம்பருப்பு மூட்டை காணாமப் போச்சு. பூட்டு பூட்டினபடி இருக்கு. ஜன்னல் கம்பி கழண்டு கிடக்கு. முதலாளி வீட்டுல யாரோ புத்தகத்தை ஞாபகம் வச்சு எடுத்துக் காட்டியிருக்காங்க. எனக்கு ஆள் வந்துச்சு, முதலாளி கூப்பிடுறார்னு.

போகும்போது வழியில அத்தான் சொன்னார். “மாப்ள, முதலாளி கேட்டா நானா யோசிச்சு வரைஞ்சேன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்.” சரி அத்தான்னேன்.

முதலாளி மேசை மேல புத்தகம் விரிச்சு வச்சிருந்தது. அந்த ஜன்னல் பக்கம். பக்கத்துல கணக்கர், இன்னும் ரெண்டு மண்டிக்காரங்க. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, “என்னடா இது, அச்சு அசலா அப்படியே இருக்கு? கம்பி முறுக்குகூடத் தப்பலையே. இதை எப்படிடா வரைஞ்ச?”ன்னார். மத்தவங்களும் குனிஞ்சு பார்த்தாங்க. பலே, ஆமால்லன்னாங்க.

நீங்க கலையைப் பத்தித் தெரிஞ்சவர், அதனால சொல்றேன். அதுவரைக்கும் என் படத்தை ஒருத்தர் அப்படிக் குனிஞ்சு பார்த்ததில்லை. நானா யோசிச்சேன்னு எப்படிச் சொல்ல முடியும்? என் தொழிலுக்கே அது பொய். “நான் எதையும் பார்த்துத்தான் வரைவேன் முதலாளி. இல்லாததை வரையிறதே இல்லை”ன்னேன்.

“யாரு காட்டினது?”

“அத்தான்தான். ஞாயித்துக்கிழமை திறந்துவிடுவார்.”

“கம்பியைக் கழட்டினா மூட்டை சந்துக்குள்ள போகும்னு யாரு சொன்னா?”

“அதுவும் அவர்தான் சொன்னார்.”

அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை கூட்டலை. எதுக்காகச் சொன்னார்னு முதலாளி கேக்கலை. கேக்காததுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்? அத்தானே சொல்லியிருக்கலாம், பக்கத்துலதானே நின்னார். என்னைப் பார்த்தார். அப்புறம் இடுப்புல இருந்து சாவிக்கொத்தை எடுத்தார். முடிச்சு இறுகிக் கிடந்துச்சு, கழட்ட நேரம் ஆச்சு. மேசையில வச்சுட்டு வெளிய போனார்.

போலீசுக்கெல்லாம் போகலை. வேலை மட்டும் போச்சு. அவரைத் திருடன்னு நான் சொன்னேனா? யாருமே வாயைத் திறந்து சொல்லலை. ஆனா வேற எந்த மண்டியிலயும் அவரைச் சேர்த்துக்கலை. வீட்டுலயே உக்கார்ந்திருந்தார்.

நான் அப்போ ரெண்டாவது புத்தகத்துல இருந்தேன். நிரஞ்சன் ரயில்ல போற கதை. ஸ்டேஷன்ல போய் உக்கார்ந்து எஞ்சினைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சேன். கைகூட நல்லா வர ஆரம்பிச்சிருந்துச்சு. பக்கத்தையெல்லாம் எடுத்துக்கிட்டுச் சிவகாசி போனா, அண்ணாச்சி பிரிச்சே பார்க்கலை. “இப்போதைக்கு வேண்டாம் தம்பி”ன்னார். ஏன்னு கேட்டேன். “உங்க அத்தான் வந்திருந்தார். ரொம்ப நேரம் பேசிட்டுப் போனார்”னார். அதோட நிறுத்திக்கிட்டார்.

அதுக்கு மேல எனக்கு என்ன சொல்லணும்? புரிஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்து கேட்டுட்டேன். “உங்க பிழைப்பு போச்சுன்னா என் பிழைப்பையும் கெடுப்பீங்களா? நேர்ல ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்லாம, முதுகுக்குப் பின்னால அண்ணாச்சிகிட்டப் போய்ச் சொல்லுவீங்களா? உங்களைச் சூலப்பன்னு கூப்பிடுறதுல என்ன தப்பு?”ன்னேன். கோபத்துல வர்றதுதான். அத்தான் தன் சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தார். ஊட்டிக்கிட்டே இருந்தார். அக்காதான் தட்டைத் தூக்கி எறிஞ்சா. “இவர் எதுக்குப் போனார்னு தெரியுமாடா உனக்கு?”ன்னு ஆரம்பிச்சா. “சுயம்பு, விடு”ன்னு அவர் அடக்கிட்டார். குட்டு வெளிய வந்துரும்னு பயம். அப்படித்தான் நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தக் கோடையிலேயே திருப்பூர் போயிட்டாங்க. பனியன் கம்பெனியில மடிச்சு அடுக்குற வேலை. வீட்டுச் சாமானை ஏத்தும்போது, என் மேசையையும் விளக்கையும் அத்தான் இறக்கி வச்சுட்டுப் போனார், நீ வரையணும்லன்னு. குத்திக் காட்டுறது. எனக்குத் தெரியாதா?

அடுத்த வருசம் ஆள் பிடிபட்டான். மண்டியிலயே இருந்த லோடுமேன் ஒருத்தன். அத்தான் அவன் பிள்ளைக்குக் குடுத்த புத்தகத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனையே வந்துச்சுன்னு சொன்னானாம். எவ்வளவு தெளிவா வரைஞ்சிருந்தா அவனுக்குப் புரிஞ்சிருக்கும், நினைச்சுப் பாருங்க. முதலாளி அத்தானைத் திரும்பக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். வரலை. வந்திருக்கலாம்ல? உண்மைதான் வெளிய வந்திருச்சே, அப்புறம் என்ன நஷ்டம்? ரோசம்.

செம்பருந்தும் கொஞ்ச நாள்ல நின்னு போச்சு. ரொம்பக் காலம் கழிச்சு, அண்ணாச்சி பேத்தி கல்யாணத்துக்கு நான்தான் பத்திரிகை வரைஞ்சேன். குடுக்கப் போனப்ப அண்ணாச்சி கட்டில்ல படுத்திருந்தார். கையைப் பிடிச்சுக்கிட்டு, “உன் அத்தான் தங்கமான மனுசன்டா”ன்னார். அன்னைக்கு எதுக்கு வந்தார்னு கேட்டேன்.

“உனக்கு அடுத்த புத்தகம் கண்டிப்பாக் குடுக்கணும்னு கேக்க வந்தார். குடுத்தா அதுல தன் முகத்துல ஒரு நல்லவனை வைக்கச் சொல்லுங்கன்னார். போஸ்ட்மேனா இருந்தாக்கூடப் போதும், ஒரு கட்டத்துல வந்துட்டுப் போனாப் போதும், எங்க பிள்ளைங்க படிக்கும்லன்னார். நான்தான் தம்பி முடியாதுன்னேன். உன் புத்தகம் விக்கலை. கட்டுக் கட்டாத் திரும்பி வந்துச்சு. படம் சரியில்லைன்னு கடைக்காரங்க எழுதினாங்க. அதை உங்கிட்டச் சொல்ல வேண்டாம், பையன் உடைஞ்சு போவான்னு உங்க அத்தான்தான் கேட்டுக்கிட்டார்.”

அண்ணாச்சிக்கு அப்போ ரொம்ப வயசு. ஞாபகம் முன்னப் பின்னப் போகும். யாரையோ நினைச்சுக்கிட்டு யாரையோ சொல்லுவார்னு அவர் மகனே எங்கிட்டச் சொல்லியிருக்கான். விக்கலைன்னா ஈரோடு வரைக்கும் எப்படிப் போச்சு? உங்க கைக்கு எப்படி வந்துச்சு? நீங்களே சொல்லுங்க.

இருந்தாலும் மனசு கேக்கலை. நேர்ல கேட்டுருவோம்னு திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். விலாசம் விசாரிச்சுப் போய் நின்னா, அத்தான்தான் கதவைத் திறந்தார். மெலிஞ்சிருந்தார். “வா மாப்ள”ன்னார், நேத்துத்தான் பார்த்த மாதிரி. அக்கா எட்டிப் பார்த்துட்டு உள்ள போயிட்டா. சோறு போட்டா, குழம்பு ஊத்தினா, ஒரு வார்த்தை பேசலை. கூடப் பொறந்தவ.

சாப்பிட்டுக்கிட்டே கேட்டேன். “அண்ணாச்சிகிட்ட அன்னைக்கு என்ன சொன்னீங்க?”

“அதெல்லாம் எதுக்கு மாப்ள இப்ப. அப்பளம் வச்சுக்கோ.”

“என் வேலையைக் கெடுக்கத்தானே போனீங்க? சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

அவர் அப்பளத் தட்டை என் பக்கமா நகர்த்தினார். அடுப்படியில பாத்திரம் கழுவுற சத்தம் நின்னு, மறுபடி கேட்டுச்சு.

அவர் மட்டும் அன்னைக்கு ஒரு வார்த்தை, ஆமா நான்தான் கெடுத்தேன்னு சொல்லியிருந்தார்னா, அந்த இடத்துலயே மன்னிச்சிருப்பேன். மன்னிக்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். கடைசி வரைக்கும் சொல்லலைங்க.